டாக்டர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

சென்ற இதழில் "டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்" என்று எழுதியிருந்தேன். அது எனக்கே வினையாகிவிட்டது. "மறைக்காமல் சொன்னதால்தான் இந்தக் கதி" என்று கட்டுக்கட்டாகக் கடிதங்கள். அதனால் இந்த முறை மூட்டுவலிக்கும் முடி கொட்டுவதற்கும் லீவு. வந்ததில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மாதமாக வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் வலி. ஒரு லேடி டாக்டரிடம் போனேன். "கல்யாணம் ஆச்சா?" என்றார். இல்லை, ஆனால் ஒருவரோடு உறவு இருக்கிறது என்று நீங்கள் எழுதியபடியே மறைக்காமல் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். பத்து நிமிடம் அறிவுரை. "அம்மாவைக் கூட்டிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஃபீஸ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முதலில் உடம்பைப் பார்ப்போம். இரண்டு மாத வெள்ளைப்படுதலோடு வயிற்றுவலியும் இருந்தால் அது தானாகப் போகட்டும் என்று விடக்கூடிய விஷயம் இல்லை. கிருமித்தொற்று மேலே ஏறினால் கருக்குழாய் வரைக்கும் போகும், பின்னால் குழந்தைக்கு ஆசைப்படும் நேரத்தில் தொந்தரவு கொடுக்கும். இந்த வாரமே வேறொரு டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவமனை மகப்பேறு ஓ.பி.யிலும் பார்ப்பார்கள். சிலவகைத் தொற்றுக்கு உங்கள் நண்பரும் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். அவர் சாப்பிடாவிட்டால் உங்களுக்கு மறுபடி வரும். நடுவில் காய்ச்சல் வந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தாலோ நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "கல்யாணம் ஆச்சா?" என்பது எங்கள் தொழிலில் ஒரு இடக்கரடக்கல். உடலுறவு உண்டா என்று கேட்க வாய் கூசுவதால் கல்யாணத்தைக் கேட்கிறோம். கேஸ் ஷீட்டில் பெயர், வயது, அடுத்தது கல்யாணமாகி எத்தனை வருடம் என்று எழுதித்தான் நாங்கள் பழகினோம். தமிழ்நாட்டில் பாதி லேடி டாக்டர்கள் இன்றும் அப்படித்தான் கேட்பார்கள். நானும் பல வருடம் அப்படியே கேட்டேன். கேள்வியே தப்பு என்பது எனக்குப் புரிந்தது ஒரு ஆபரேஷன் தியேட்டரில்.

22 வயதுப் பெண், வயிற்றுவலி என்று அம்மாவோடு வந்தாள். அம்மாவை வைத்துக்கொண்டே "கல்யாணம் ஆகலையே?" என்று கேட்டாயிற்று. அவள் தலையாட்டினாள். பிறகென்ன, கர்ப்பம் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. வாயு, வயிற்றுப்புண் என்று ஊசி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் மயங்கி விழுந்தாள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் ரத்தம். அவள் பிழைத்ததே அதிர்ஷ்டம். எங்கள் சீஃப் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "பிள்ளை பெறுகிற வயதில் வயிற்றுவலியோடு எந்தப் பெண் வந்தாலும், இல்லை என்று டெஸ்ட் சொல்லும்வரை அவள் கர்ப்பிணிதான். தாலியைப் பார்த்து வைத்தியம் பண்ணாதீங்க." அன்று சிறுநீர் டெஸ்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும்.

உங்களை அனுப்பிய டாக்டர் மரியாதைக் குறைவாக நடந்தார் என்பது ஒன்று. அதைவிட எனக்குக் கவலை, அவர் தன் வேலையைச் செய்யவில்லை என்பது. பேனாவை மூடிய இடத்தில் பரிசோதனையும் நின்றுவிட்டது பாருங்கள். 18 வயது தாண்டியவருக்கு வைத்தியம் பார்க்க அம்மா தேவையில்லை. நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் அம்மாவிடம் சொல்வதற்கும் அவருக்கு உரிமை கிடையாது. டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன.

அடுத்த டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருக்கும். தனியாகப் பேச வேண்டும் என்று முதலில் கேளுங்கள். பிறகு "கல்யாணம் ஆகலை, உறவு இருக்கு, கடைசியா மாதவிலக்கு இந்தத் தேதி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். மறைக்காதீர்கள் என்பதை நான் வாபஸ் வாங்கவில்லை.

கேள்வி: அப்பாவை டிஸ்சார்ஜ் செய்தபோது கேஸ் ஷீட் நகல் கேட்டேன். "டாக்டர் மேலே நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டார்கள். கேட்டது தப்பா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: தப்பே இல்லை. உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். நம்பிக்கை வேறு, நகல் வேறு. கட்டின புருஷனுடைய நகைக்கடையே ஆனாலும் பில் வாங்காமல் வருவோமா?

கேள்வி: வயது 34, இரண்டு பிள்ளைகள். காப்பர்-டி போட்டிருந்தும் மறுபடி கர்ப்பம், எட்டு வாரம். வேண்டாம் என்று முடிவு செய்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். அவர் சவூதியில் இருக்கிறார். அடுத்து, "குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கறதா இருந்தா கலைக்கிறேன்" என்று டாக்டர் சொல்கிறார். இது சட்டமா?
– ஒரு சகோதரி, கீழக்கரை

பதில்: இரண்டுமே சட்டம் இல்லைம்மா. முதலாவது வழக்கம், இரண்டாவது அந்த டாக்டரின் சொந்த அபிப்பிராயம்.

1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தில் 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். கணவர், மாமியார், அம்மா யாருடைய கையெழுத்தும் சட்டம் கேட்கவில்லை. 18-க்குக் கீழே என்றாலோ, மனநோய் காரணமாக முடிவெடுக்க இயலாத நிலை என்றாலோதான் காப்பாளர் கையெழுத்து. கருத்தடை பலிக்காமல் போனது சட்டம் ஒப்புக்கொண்ட காரணம். 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு டாக்டரின் கருத்து போதும். 2021 திருத்தத்தில் 'மணமான பெண்ணோ அவளுடைய கணவரோ' என்று இருந்ததை 'பெண்ணோ அவளுடைய துணையோ' என்று மாற்றிவிட்டார்கள். அதே திருத்தத்தின்படி, உங்கள் பெயரை வெளியே சொன்னால் டாக்டருக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு.

பின்னே ஏன் கணவர் கையெழுத்து கேட்கிறார்கள்? பயம். நாளைக்குக் கணவர் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்கிற பயம். அந்தப் பயம் எனக்கும் தெரியும், தியேட்டர் வாசலில் நாற்காலி உடைவதைப் பார்த்தவள்தான் நான். ஆனால் நம் பயத்துக்கு அவள் உடம்பை ஈடு வைக்க முடியாது.

கு.க. ஆபரேஷன் பேரம் இன்னும் மோசம். அதைச் சொல்கிற டாக்டர் தன்னைக் கெட்டவராக நினைப்பதில்லை என்பதுதான் சிக்கல். "இவ மறுபடி மறுபடி வந்து நிப்பா, அவ நல்லதுக்குத்தானே" என்பார். நல்லதுக்கு என்ற வார்த்தையில்தான் எங்கள் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த டெல்லி வழக்கு ஒன்று உண்டு. கல்யாணமாகாத 44 வயதுப் பெண்மணி, உள்ளே என்ன கோளாறு என்று லேப்ராஸ்கோப்பில் (வயிற்றில் சிறு துளை போட்டு விடும் குழாய்) பார்ப்பதற்குத்தான் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. டாக்டர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று கோர்ட்டே ஒப்புக்கொண்டது. ஆனாலும் சம்மதம் கொடுக்கும் நிலையிலுள்ள வயதுவந்த பெண்ணுக்காகத் தாய் போட்ட கையெழுத்து செல்லாது, செய்தது தவறு என்று தீர்ப்பு. ஆபரேஷனுக்கு டாக்டர் ஃபீஸ் வாங்கக் கூடாது, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வேண்டும். தொகை எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. அது என் சொந்த அபிப்பிராயம்.

நீங்கள் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவமனைக்குப் போய் மகப்பேறு பிரிவில் கேளுங்கள். காப்பர்-டி உள்ளேயே இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும், அதைச் சொல்ல மறக்காதீர்கள். கு.க. ஆபரேஷன் வேண்டுமா என்பதைச் சாவகாசமாக அப்புறம் யோசிக்கலாம். எட்டு வாரம் என்பது எட்டாகவே நிற்காது, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் டாக்டராகி மூன்று வருடம் ஆகிறது. மகப்பேறு பிரிவில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். என் மத நம்பிக்கைப்படி கருக்கலைப்பு பாவம். என்னை ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்? டாக்டருக்கு மனசாட்சி கூடாதா?
– இளம் மருத்துவர்

பதில்: தம்பியா தங்கையா தெரியவில்லை. நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. நிறையப் பேர் கேட்காமலே, "இயந்திரம் ரிப்பேர்", "மயக்க மருந்து டாக்டர் இல்லை" என்று சொல்லித் தட்டிக்கழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மனசாட்சி கண்டிப்பாக வேண்டும். ஆனால் நம் விதிமுறையைப் படித்துப் பாருங்கள். மருத்துவத் தேவை இருக்கும்போது, மதக் காரணத்துக்காக மட்டும் கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ உதவ மறுக்கக் கூடாது என்கிறது. தனக்கு அதைச் செய்யும் திறமை இல்லை என்று கருதினால் விதிவிலக்கு. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளைக் கொண்டுவந்து அதே மாதம் நிறுத்தி வைத்ததால், 2002 விதிதான் தொடர்கிறது.

விதியை விடுங்கள், நடைமுறையைச் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு பேர் டூட்டியில் இருந்தால், "இந்தக் கேஸை நீங்க பாருங்க" என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு ஏற்பாடு நடந்ததே தெரியக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் மலையடிவாரத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றால்? அடுத்த ஆஸ்பத்திரி 60 கிலோமீட்டர், கடைசி பஸ் ஆறு மணிக்கு. அங்கே உங்கள் மனசாட்சிக்கான செலவை அவள் அல்லவா கட்டுகிறாள்? அப்படிப்பட்ட இடத்துக்கு நீங்கள் போகக் கூடாது. அல்லது வேறு பிரிவு எடுத்துப் படித்திருக்க வேண்டும். கண் டாக்டருக்கு இந்தச் சங்கடமே இல்லை.

அவசரம் என்று வந்துவிட்டால் பேச்சே கிடையாது. சவிதா ஹாலப்பனவரை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்கலாம். கர்நாடகத்திலிருந்து போன பல் டாக்டர், 31 வயது. 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகர ஆஸ்பத்திரியில் 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிய நிலையில் சேர்ந்தார். பிள்ளை பிழைக்காது என்று டாக்டர்களுக்கே தெரியும். சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று அவரும் கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, அதனால் முடியாது என்றார்கள். ரத்தத்தில் கிருமி பரவி 28-ஆம் தேதி இறந்துபோனார். அந்த நாட்டின் சட்டமும் அப்போது அப்படித்தான் இருந்தது, அதை 2018-ல் மக்கள் வாக்கெடுப்பில் மாற்றினார்கள். கிருமித்தொற்றைக் கவனித்ததிலும் பெரிய ஓட்டைகள் இருந்ததை விசாரணைகள் காட்டின. எனக்கு மறக்காதது வேறொன்று. இது கத்தோலிக்க நாடு என்று சவிதாவிடம் சொன்னதை ஒரு மருத்துவச்சி மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஆறுதலாக விளக்குவதாக நினைத்துத்தான் சொன்னாராம். கட்டிலில் காய்ச்சலோடு கிடப்பவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

கேள்வி: எங்கள் டாக்டர் "எந்தத் தெரு?" என்று கேட்பார். சொன்னபிறகு ஸ்டெத்தைக்கூட வைக்காமல் எட்ட உட்கார்ந்தே மருந்து எழுதுவார். மற்றத் தெரு ஆட்களை மட்டும் படுக்கவைத்துப் பார்ப்பார். நான் தப்பாக நினைக்கிறேனா?
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: டெங்கு வந்தால் தெருவைக் கேட்பது சரி. வயிற்றுவலிக்குத் தெரு எதற்கு? நீங்கள் தப்பாக நினைக்கவில்லை. வயிற்றைக் கையால் அமுக்கிப் பார்க்காமல் குடல்வாலா, பித்தப்பையா என்று எழுதுகிறவர் ஜோசியம் பார்க்கிறார். "அழுத்திப் பாருங்க டாக்டர், இங்கேதான் வலி" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அப்படியும் கை வரவில்லை என்றால் அந்தக் கை உங்களுக்குத் தேவையில்லை. மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கும், இருக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டுத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதுங்கள். தேதியோடு எழுதுங்கள், கோபத்தோடு வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று எங்களிடம் சொல்லிவிட்டான். ஒரு மனநல டாக்டர் ஆறு மாதம் சிகிச்சை கொடுத்து மாற்றிவிடலாம் என்கிறார். கூட்டிப் போகலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: கூட்டிப் போகாதீர்கள். இது நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை கொடுப்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் தடுத்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்குமீறல் என்று மாநில கவுன்சில்களுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே அந்த டாக்டர் மாற்ற வேண்டியது உங்கள் மகனை இல்லை, தன் போர்டை.

உங்களுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, தீர்ப்பு எழுதுவதற்கு முன்பு ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஹைகோர்ட் ஜட்ஜுக்கு முடிகிறது, எங்கள் ஆட்களுக்கு ஏன் முடியவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். நீங்களும் கணவரும் ஒரு நல்ல ஆலோசகரிடம் போங்கள். மகனை மாற்ற அல்ல. நீங்கள் சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ, அதற்கு.

கேள்வி: என் தம்பி தினமும் குடிப்பவன். இப்போது கை நடுக்கம், தார்போல் கறுப்பாக மலம் போகிறது. ஓ.பி.யில் "குடிகாரனுக்கு எதுக்கு வைத்தியம், நிறுத்திட்டு வா" என்று விரட்டிவிட்டார்கள். டாக்டர் சொல்வதும் நியாயம்தானே என்கிறார் என் கணவர்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: இதைப் படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள். தார்போல் மலம் என்றால் குடலுக்குள் ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்களோடு பேசலாம், உயிரேகூடப் போகலாம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். "நிறுத்திட்டு வா" என்பது அறிவுரையாகக்கூடத் தப்பு.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 1986-ல் நான் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். தென்மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனை, ராத்திரி டூட்டி. லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். நெற்றியில் வெட்டு, பக்கத்தில் போக முடியாத சாராய நெடி. நான்கு தையல் போட்டேன். கேஸ் ஷீட்டில் 'மது வாடை' என்று எழுதினேன். தெளிந்ததும் போகட்டும் என்று வராந்தாவில் பாயில் படுக்கவைத்தேன். என் அப்பா குடிக்கிறவர். குடிகாரர்கள்மேல் எனக்கு அப்போது என்ன கோபம் இருந்தது என்பது அந்த வார்டு ஆயாவுக்குக்கூடத் தெரியும்.

அவர் மனைவி ராத்திரி மூன்று தடவை வந்தார். "அம்மா, இவுக குடிச்சா பாட்டுப் பாடுவாக, இப்படித் தூங்க மாட்டாக" என்றார். மூன்றாவது தடவை நான் சத்தம் போட்டு அனுப்பினேன். அவர் விட்டுக்கொண்டிருந்த குறட்டை தூக்கத்துக் குறட்டை இல்லை என்பது ஐந்தாம் வருடப் பாடத்தில் இருக்கிறது. நான் அதில் நல்ல மார்க் வாங்கியவள்.

காலை ஐந்து மணிக்கு ஆயா வந்து எழுப்பினார். வலது கண் பாப்பா அகலமாக விரிந்திருந்தது, இடது கை அசையவில்லை. மண்டைக்குள் ரத்தக்கட்டு. சீஃப் ஓடிவந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார். அங்கே மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் பழையபடி வரவில்லை, மூட்டை தூக்கும் வேலை போயிற்று.

அப்புறம் எத்தனையோ வருடம், நான் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் விசாரித்துக்கொண்டு பொங்கலுக்கு ஒரு வாழைத்தாரோடு வந்துவிடுவார். வலது கையால் தூக்கி வைத்துவிட்டு, "இந்த டாக்டரம்மாதான் என்னைக் காப்பாத்துனாக" என்று வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் சொல்வார். கூட வருகிற மனைவி மட்டும் ஒன்றும் பேச மாட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.